கொடுங்கோல் அரசியின் தங்கை

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். நீயும் உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ அனுப்பிய தலையணை உறைகள் வந்து சேர்ந்தன. ஓரத்தோடு ஓரம் ஒட்டி, கத்தி வைத்துக் கீறியது போன்ற மடிப்பு. எடுத்து விரிக்க மனசே வரவில்லை. ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, மற்றவற்றை அலமாரியில் அப்படியே அடுக்கிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்கிறேன். ரொம்ப நன்றி அக்கா.

போனில் பேசினால் நான் "உம்" கொட்டுவதோடு சரி, எழுதச் சொன்னால்தான் எனக்கு வாய் திறக்கும் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இந்த வாரச் செய்திகள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பழைய பிரேம்கள் வைத்த பெரிய அலமாரி ஒன்று உண்டு. அதை நகர்த்திக் கூட்டலாம் என்று தள்ளினோம். பின்னால் ஒரு ஜன்னல்! முதலாளிக்கே தெரியாது. இப்போது லென்ஸ் தேய்க்கும் மெஷின் மேல் காலை வெயில் விழுகிறது. எனக்கு இனாமாக ஒரு வானம் கிடைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. சொன்னால் சிரிப்பாய். நான் ஒரு விளையாட்டில் சேர்ந்திருக்கிறேன். தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்து அதன் ஒரு காலை உடைத்துவிட்டு ஒரு பஸ் ஓட்டுநர் கடைக்கு வந்தார். நான் அதை ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தார். வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதை ஓட்டுகிறார். சைக்கிள் கடை மாடியில் அவர் வீடு. ஒரு மேசை, நாலு நாற்காலி. ஒரு ரசாயன டீச்சர், பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர், நான். அவர் கதையை நடத்துவார், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவோம்.

விளையாட்டின் பெயர் மறைமண்டபம். நாம் நடமாடுகிற ஊருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்டபம் இருக்கிறதாம். அதில் வரிசையாகப் பீடங்கள். ஒவ்வொரு பீடத்திலும் ஓர் ஆதி உருவம்: அன்னை, தூதன், திருடன், வழிப்போக்கன். மேலே ஊருக்குள் ஒருவர் அந்த உருவத்தைப் போலவே அச்சு அசலாக வாழ்ந்தால் பீடத்தின் சக்தி அவருக்குள் இறங்கும். அந்த உருவத்துக்குரிய நெறி தவறினால் சக்தி விலகிப் போய்விடும். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பூட்டு ரிப்பேர்க்காரருக்குத் திருடன் வந்தது, தொழிலுக்கே விரோதம் என்று புலம்புகிறார். டீச்சருக்குத் தூதன். எனக்கு வந்தது என்ன தெரியுமா? கொடுங்கோலன்!

பெண்ணாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் வாதம். "கொடுங்கோலி" என்றார் பூட்டுக்காரர். ஏதோ கோலிக்குண்டு விளையாட வந்தவள் மாதிரி இருக்கிறது என்று டீச்சர் தள்ளிவிட்டார். கடைசியில் கொடுங்கோல் அரசி என்று முடிவாயிற்று. அரசியின் சொல்லை யாரும் மீற முடியாது, அதுதான் அவள் சக்தி. அவள் நெறி: எதையும் கேட்கக் கூடாது, கட்டளைதான் இட வேண்டும். யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது.

முதல் நாளே பூட்டுக்காரர் டீயை என் பக்கம் நகர்த்தினார். "தேங்க்ஸ்" என்று சொல்லித் தொலைத்தேன். ஓட்டுநர் மேசையில் அடித்து, "போச்சு! பீடம் ஆடுது!" என்றார். ஆட்சிக்கு வந்த பத்தாவது நிமிஷம் சக்தி போயிற்று. அன்று முழுக்க மண்டபத்தில் என்னை ஒரு வாசல் காவலன்கூட மதிக்கவில்லை.

எனக்கு எப்படி மிரட்டுவது என்று தெரியவில்லை அக்கா.

அன்புடன்,
பூனை


ஜனவரி 22

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அது என் பேச்சைக் கேட்கும்.

மண்டபம், பீடம், சக்தி இறங்குவது, இதெல்லாம் என்ன கண்றாவி? ஒரு வேலை, ஒரு வீடு என்று இருப்பாய் என்று அனுப்பினால் மாந்திரீகத்தில் போய் நிற்கிறாய். முன்பின் தெரியாத ஓட்டுநர் வீட்டு மாடிக்கு ஏன் போனாய்? டீச்சர் இருக்கிறார் என்று எழுதியதால் மட்டும் விடுகிறேன். போனால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

இங்கே சலவைக்கூடத்தில் வழக்கம்போலத்தான். மூன்று ஆஸ்பத்திரித் துணியும் எங்களுக்கே வருகிறது. புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். என்னைவிட வயது கூட. உருளை இஸ்திரியில் போர்வை கொடுக்கும்போது வாய்க்குள் பாடிக்கொண்டே இருக்கிறாள். எல்லாரும் பாட்டுக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "இது சலவைக்கூடமா கச்சேரியா?" என்று கேட்டேன். நிறுத்தினாள். நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி.

மிரட்டத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். காக்காயை விரட்டக்கூட எழுந்திருக்காத உன்னிடம் போய் அரசாட்சியைக் கொடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். சரி, கேட்டுக்கொள். கத்தாதே. கத்துகிறவர் பயந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். குரலை இறக்கு. ஒரே ஒரு தடவை சொல். சொல்லிவிட்டு அங்கேயே நில். "சொல்லிட்டேன். நிக்கறேன்." அவ்வளவுதான். காரணம் சொல்லாதே, சொன்னால் அவர்களும் ஒரு காரணம் சொல்வார்கள். வேலை முடியும் வரை நகராதே. நகர்ந்தால் கெட்டாய்.

ஜூனில் உன் ஒப்பந்தம் முடிகிறது, மறக்கவில்லை அல்லவா? இங்கே கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பிரிவு மேலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உன் கட்டிலுக்குப் புது மெத்தை போட்டாயிற்று. ஜூன் கடைசியில் கிளம்பி வருகிறாய். இதில் பேச்சுக்கு இடமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 11

என் அருமை அக்கா,

நீ நீடூழி வாழ வேண்டும்! உன் யோசனை பலித்துவிட்டது.

போன ஞாயிறு திருடன் மண்டபத்தின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தர மாட்டேன் என்றான். வேறு நாளாக இருந்தால் "கொஞ்சம் கொடுங்களேன்" என்று கெஞ்சியிருப்பேன். முதுகை நிமிர்த்தினேன். குரலை இறக்கினேன். "சாவியை மேசை மேல வை. சொல்லிட்டேன். நிக்கறேன்." பூட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கதையில் இல்லை, நிஜத்தில்! தன் சட்டைப்பையிலிருந்த சொந்தக் கடைச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். அப்புறம் அவரே திடுக்கிட்டு, "நான் ஏன் இதை வெச்சேன்?" என்றார். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். ஓட்டுநர் பகடையைத் தொடவே இல்லை. "இதுக்குப் பகடை எதுக்கு? பலிச்சிடுச்சு" என்றார்.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்கள். எங்க அக்கா என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு பெருமையாக நான் சொல்லி நானே கேட்டதில்லை.

அதோடு முடியவில்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷினின் அடித்தட்டில் வெள்ளைச் சேறு தேங்கும் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? சனிக்கிழமை அதை வழித்துக் கழுவுகிற வேலை எப்போதும் என் தலையில்தான். கூட வேலை செய்கிறவன் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவான். நேற்று அவன் சீப்பை எடுத்ததும், "இன்னைக்கு நீ கழுவு" என்றேன். என்னைப் பார்த்தான். நான் நின்றேன். காது சூடாயிற்று, ஆனால் நகரவில்லை. சீப்பை வைத்துவிட்டுப் போய்க் கழுவினான் அக்கா! போகும்போது, "நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று வேறு கேட்டான். இத்தனை மாதமும் சொல்ல வேண்டியதுதான் பாக்கியாக இருந்திருக்கிறது.

இங்கே எல்லாரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மார்ச்சில் உனக்கு விடுப்பு வருமே, வா. என் அறையில் கட்டிலை உனக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே படுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னை மாடிக்கு அழைத்துப் போகிறேன். உன் கண்ணாலேயே பார், மாந்திரீகமா மண்ணாங்கட்டியா என்று.

ஜூன் பற்றி நேரில் பேசுவோம்.

நன்றியுடன்,
உன் பூனை


மார்ச் 20

பூனைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உருளை இஸ்திரி கெட்டுவிட்டது, கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினேன் அல்லவா? மெஷினுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குச் சந்தோஷம்தான். உன் அறை சுத்தமாக இருந்தது. உன் ஜன்னலைப் பார்த்தேன். உன் சிநேகிதர்களைப் பற்றி நான் நினைத்தது தப்பு. ஓட்டுநர் தன் நாற்காலியையே எனக்குப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பூட்டுக்காரர் என் பெட்டியின் பூட்டு இறுகிக் கிடந்ததைக் கேட்காமலேயே சரி செய்து கொடுத்தார்.

நீ பீடத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. என் பூனையா இது என்று பார்த்தேன். பிறகு நீ வாட்ச் வாரைத் திருகினாய். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் வாட்ச் வாரை ஒரு திருகு. பூட்டுக்காரர் சிரித்தார். உன்னைப் பார்த்து இல்லை, என் கையைப் பார்த்து. குனிந்தேன். நானும் திருகிக்கொண்டுதான் இருந்தேன். சரி, அதற்கும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

அதன்பிறகு கதையில் ஊர் காலியானது. மண்டபத்தில் ஆள் இல்லை, காவலன் இல்லை, எல்லாரும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். நீ தூதனைக் கூப்பிட்டு, ஏன் போனார்கள் என்று கேட்டாய். டீச்சர் எழுந்து நின்று சொன்னார்: "அரசி, எல்லாரும் பயந்து பயந்து உங்களுக்குப் பதில் சொன்னாங்க. உங்களோட யாரும் பேசினதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கேட்கிறேன். அது விளையாட்டா? இல்லை, என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்து, நாலு பேர் முன்னால் எனக்குச் சொல்லிவிட்ட சேதியா?

ரயிலில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். சலவைக்கூடத்தில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது என் கையில் என்ன இருந்தது? ஆறு வயதில் நீ. அப்புறம் இந்தக் குரல். வேறு எதை வைத்துக்கொண்டு உன்னை வளர்த்திருக்க முடியும், நீயே சொல்.

போகட்டும். இனிமேல் நான் வாயைத் திறக்கப்போவதில்லை. இங்கேயும் சரி, உன்னிடமும் சரி.

ஜூன் விஷயத்தில் மட்டும் மாற்றம் இல்லை.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 26

என் அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். முதலில் உன் கேள்விக்குப் பதில். அது சேதி இல்லை. யாரும் பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. தூதனின் நெறி என்னவென்றால், யார் கேட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் கேட்டேன், டீச்சர் சொன்னார். எனக்கு அது வரப்போகிறது என்று தெரியாது. உன் பக்கம் திரும்பாததற்குக் காரணம், திரும்பினால் அழுதிருப்பேன். அழுதால் நீ "மூக்கைத் துடை" என்பாய். நான் துடைப்பேன். விஷயம் அதோடு முடிந்துபோயிருக்கும்.

நீ போன மறுநாள் ஓட்டுநர் கடைக்கு வந்து, "அக்கா மனசு நொந்து போனாங்களா?" என்று கேட்டார். தன் விளையாட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, கொடுங்கோலன் அத்தியாயத்தை முழுக்கப் படிக்கச் சொன்னார். நெறிகளை மட்டும் படித்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அந்த உருவம் எப்படிப் பிறந்தது என்று ஒரு கதை அதில் இருந்ததைப் படிக்கவே இல்லை. உனக்குச் சொல்கிறேன்.

ஆதியில் ஓர் ஊருக்குள் வெள்ளம் வந்தது. ஜனங்கள் கைகால் ஓடாமல் நின்றார்கள். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அப்போது அவர்களில் ஒருத்தி, அதுவரை யாருக்கும் உரத்த குரலில் பதில்கூடச் சொல்லாதவள், ஒரு மேட்டின் மேல் ஏறிக் கத்தினாள். மாட்டை அவிழ்த்துவிடு. குழந்தையைத் தோளில் ஏற்று. பானையை விடு. திரும்பிப் பார்க்காதே. அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தவர்கள் பிழைத்தார்கள். பிறகு வெள்ளம் வடிந்தது. ஜனங்கள் இறங்கிப் போய் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் மட்டும் மேட்டின் மேலேயே நின்று கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்துவிட்டது என்று அவளிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அவள்தான் முதல் கொடுங்கோல் அரசி. அவளுடைய மேடுதான் பீடம்.

இதைப் படித்துவிட்டு நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உனக்குப் பெரியப்பா வந்த நாள் நினைவிருக்கிறதா? என்னை அவர் வீட்டுக்கும் உன்னை ஒரு விடுதிக்கும் என்று பேசி முடித்துவிட்டு, என் துணிகளை எடுத்துப்போக வந்தார். நீ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எழுந்திருக்கவில்லை. ஈரத்துணி கையில். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாய். அவரிடம் அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. வாசலில் நின்று ஒரு கணம் உன்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கழற்றினார். செருப்பைக் கழற்றியவரால் அதன்பிறகு வேறு எதையும் பேச முடியவில்லை. டீ குடித்துவிட்டு எழுந்து போனார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு நீ துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாய். உன் கை நடுங்கியதை நான் பார்த்தேன் அக்கா. ஆறு வயதுக்கு அது குளிர் என்று பட்டது.

அன்று நீ குரலை இறக்கியிருக்காவிட்டால் நான் யாருடைய வீட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேனோ. பள்ளிக்கூடத்தில் நான் பேசவில்லை என்று மந்தக் குழந்தைகள் வரிசையில் உட்காரவைத்தபோது, சலவைக்கூட ஏப்ரனோடு, சோப்பு வாசனையோடு தலைமையாசிரியை அறைக்குள் போனாயே, அதுவும் நினைவிருக்கிறது. எனக்காகப் பேச நீ இருந்ததால்தான் நான் பேசாமலே இருக்க முடிந்தது. ஒரு கொடுங்கோல் அரசி இருந்த வீட்டில்தான் ஒரு பூனை இவ்வளவு நிம்மதியாகத் தூங்கி வளர்ந்தது. உனக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் அது தலையணை உறைக்குச் சொன்ன நன்றியைப் போலவே இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. நன்றி அக்கா. உன் குரலுக்கு நன்றி.

ஆனால் தண்ணீர் வடிந்து வெகு நாளாகிவிட்டது. யாராவது வந்து சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும்.

ஜூனில் நான் திரும்பி வரப்போவதில்லை. முதலாளி ஒப்பந்தத்தை நீட்டித்துத் தருகிறேன் என்றார், சரி என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பயந்து இங்கே தங்கவில்லை, உன்னிடமிருந்து தப்பிக்கவும் இல்லை. எனக்கு இந்த ஜன்னலும் மெஷினும் ஞாயிற்றுக்கிழமை மாடியும் பிடித்திருக்கின்றன. என் கையால் தேய்த்த லென்ஸைப் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவைப் பார்த்து, "அட, அந்த மரத்துல இலை தனித்தனியா தெரியுது" என்கிறபோது எனக்குள் என்னவோ ஆகிறது. அது இங்கே ஆரம்பித்தது, இங்கேயே வளரட்டும்.

உனக்கு வருத்தமாக இருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

என்றும் உன்,
பூனை


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

என் கடிதம் கிடைத்ததா? தபால்காரர் வருகிற நேரத்தில் கடை வாசலில் போய் நிற்கிறேன். இரண்டு வீட்டுக்கு அப்பால் இருக்கும்போதே அவர் கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

போன் செய்தால், "நல்லா இருக்கேன், வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். நான் உன்னைப் போல ஆகிவிட்டேன், நீ என்னைப் போல ஆகிவிட்டாய்.

நீ பதில் எழுதும் வரை என் அரசி மண்டபத்தில் வாய் திறக்கமாட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அந்தத் தைரியத்தில் திருடன் அவளுடைய சாமான்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போகிறான். போன வாரம் கிரீடம். இந்த வாரம் பாய்.

திட்டியாவது எழுது.

உன் பூனை


மே 10

என் கண்ணே பூனைக்கு,

அக்கா எழுதுவது. தாமதத்துக்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். உன் கடிதத்தை ஒரு மாதத்துக்கு மேல் பிரித்த இடத்திலேயே போட்டுவிட்டேன். புது மெத்தையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. அப்புறம் இங்கே ஒன்று நடந்தது. அதை எழுதினால்தான் மற்றதை எழுத வரும்.

உன்னிடம் சொன்னபடியே சலவைக்கூடத்தில் நான் வாயைக் கட்டிக்கொண்டேன். காலையில் எந்த மெஷினில் யார் என்று சொல்வதோடு சரி. முதலில் எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பாட்டுக்காரி வாய்விட்டே பாட ஆரம்பித்தாள். நல்ல குரல்தான். நான் ஓரமாக நின்று துண்டு எண்ணுகிற மாதிரி நடித்துக்கொண்டு கேட்பேன்.

போன வியாழக்கிழமை. உருளை இஸ்திரியில் போர்வை போய்க்கொண்டிருந்தது. நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், சூடான உருளை இரண்டும் போர்வையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கை முன்னால் போகாமல் தடுக்க ஒரு கம்பி உண்டு. அதைத் தட்டினால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அந்தக் கம்பி கெட்டுக் கிடந்தது. ரிப்பேருக்கு ஆள் வரவேண்டும் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் மெஷினை நிறுத்தவில்லை. பழைய நானாக இருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். வாய் திறப்பதில்லை என்ற வீம்பில் இருந்தேனே.

பாட்டுக்காரியின் சட்டைக் கை பொத்தான் போர்வை ஓரத்தில் மாட்டிக்கொண்டது. அவள் பார்க்கவில்லை, பாட்டில் இருந்தாள். துணி அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டு போனது. நான் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தேன்.

"நிறுத்து!"

எனக்கே தெரியாத குரல் அது. மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தவள் எது, ஏன் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் கத்தினால் கை முன்னால் போகும், யோசனை அப்புறம்தான் வரும், இத்தனை வருஷமாக அப்படித்தான். தட்டிவிட்டாள். மெஷின் நின்றது. பாட்டுக்காரியின் விரலுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு பொத்தான் அளவு இடம். விரல் நுனி சூட்டில் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு என்னால் நிற்க முடியவில்லை. அழுக்குத் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் பாட்டுக்காரியிடம் போவார்கள் என்று பார்த்தால் பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி முதுகைத் தடவினாள். இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் என்னைத் தொட்டதில்லை, பூனை. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன், கால் வரவில்லை. அதனால் உட்கார்ந்தே இருந்தேன். அவர்கள் பேசினார்கள். சிவப்புப் பொத்தான்காரி அழுதுகொண்டே, "உங்க குரல் கேட்டா என் வீட்டுக்காரரே எழுந்து நிப்பார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அந்த மெஷினைக் கம்பி சரியாகும் வரை தொடக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். மேனேஜர் வந்து என்னென்னவோ சொன்னார். அவர் பேசி முடிக்கும் வரை நின்றேன். மறுநாள் ஆள் வந்து சரி செய்தான்.

பாட்டுக்காரி அதன்பிறகு பாடவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். எனக்குத் தாங்கவில்லை. போய்ப் பக்கத்தில் நின்று, "பாடு" என்றேன்.

"உத்தரவா மேடம்?" என்றாள்.

"ஆமா. கையைப் பார்த்துக்கிட்டே பாடு."

பாடினாள். இப்போது மத்தியான இடைவேளையில் நானும் அவர்களோடுதான் உட்கார்கிறேன். முதல் நாள் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாட்டுக்காரிக்கு மூன்று பேரன்கள், பெரியவன் படு வாயாடியாம். இத்தனை மாதம் பக்கத்தில் நின்ற எனக்கு அவளுக்குப் பேரன் இருப்பதே தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்துதான் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். வெள்ளத்துக் கதையை நாலு தடவை படித்தேன். அந்த மேட்டின் மேல் நின்றவள் முட்டாள் இல்லை. எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை வந்ததே. ஆனால் வராத நாளிலும் அவள் கீழே இறங்கி ஒரு வாய் டீ குடித்திருக்கலாம். யாராவது கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. நீ வந்து கூப்பிட்டாய். பெரியப்பா வந்த அன்றைக்கு என் கை நடுங்கியதை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. வளர்த்ததற்கு நீ நன்றி சொல்கிறாய். பக்கத்திலேயே இருந்து வளர்ந்தாயே, அதற்கு நான் உனக்குச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நான் தனியாக இருந்திருந்தால் யாருக்காகக் குரலை இறக்கியிருப்பேன்?

டீச்சரிடம் சொல், அவர் சொன்னது உண்மைதான், கோபம் இல்லை என்று. பூட்டுக்காரரிடம் கிரீடத்தையும் பாயையும் திருப்பி வாங்கு. அரசி பேசட்டும்.

கண் ஆஸ்பத்திரிக்கு நேற்றுப் போனேன், நீ வரப்போவதில்லை என்று மேலாளரிடம் நேரில் சொல்ல. சொல்லிவிட்டேன். நல்ல மனிதர். "வந்தது வந்தீங்க, கண்ணைக் காட்டிட்டுப் போங்க" என்று உட்காரவைத்துவிட்டார். கிட்டத்தில் வைத்துக் காட்டிய அட்டையில் கடைசி மூன்று வரி எனக்கு எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. வெள்ளெழுத்தாம். ஒரு வருஷமாகவே உன் கடிதங்களைச் சமையலறை ஜன்னலில் கையை நீட்டிப் பிடித்துத்தான் படித்துவருகிறேன். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டு, யாரிடமும் சொன்னதில்லை.

மேலாளர் அங்கேயே செய்து தருகிறேன், இரண்டு நாளில் கிடைக்கும் என்றார்.

"வேண்டாம் சார். எனக்கு ஆள் இருக்கு" என்றேன்.

கண் சோதித்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரேம் உன் இஷ்டம், எனக்கு எது பொருந்தும் என்று உனக்குத் தெரியும். அவசரம் இல்லை. உன் ஜன்னலில் வெயில் விழுகிற நேரமாகப் பார்த்து, நீயே உட்கார்ந்து தேய்த்துத் தருவாயா?

பிரியமுடன்,
அக்கா